போர் போடும் முன் அரிஸ்டாட்டில்

கிரீஸ் நாட்டு டெல்பியில் இருந்த அப்பல்லோ கோயிலில் பொறித்து வைத்திருந்த வாசகங்களில் மூன்று பேர்போனவை. "உன்னை அறிந்துகொள்", "எதிலும் அளவு மீறாதே" என்ற இரண்டும் நம் வீட்டுக் காலண்டர் தாள் வரைக்கும் வந்துவிட்டன. மூன்றாவதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை: "ஜாமீன் கொடு, கேடு பக்கத்திலேயே நிற்கும்." பிளேட்டோவின் 'கார்மிடீஸ்' உரையாடலில் மூன்றும் ஒன்றாகவே வருகின்றன. அடுத்தவர் கடனுக்குக் கையெழுத்துப் போடுவது, தன்னை அறிவதற்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய விஷயமாக அந்தக் காலத்துக் கிரேக்கர்களுக்குப் பட்டிருக்கிறது.

ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தறி, பனியன், லாரி, கோழிப்பண்ணை, மஞ்சள் என்று தொழில் எதுவானாலும் இங்கே போடும் முதலீட்டில் பாதி பணம், பாதி உறவு. "ஒரு கையெழுத்துத் தானுங்க மாமா" என்று ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தால், காபி ஆறுவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

கிரேக்கர்களை மேற்கோளுக்காகப் படிப்பவர்கள் அதிகம். எனக்கு அவர்களிடம் பிடித்தது வேறு. இந்த மாதிரி நேரத்தில் எதை முதலில் கேட்பது, எதை அடுத்துக் கேட்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையைக் கையில் எடுத்தால்தான் பயன். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் மணி கோத்த காலத்தில் படியூர்ப் பச்சைக்கல் தேடி யவன வணிகம் இந்தப் பக்கம் வந்தது. கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுப் புதையல்கள் அகப்பட்டிருக்கின்றன. அவர்கள் ஊர்த் தத்துவத்துக்கு மட்டும் இங்கே சந்தை இருந்த மாதிரி தெரியவில்லை.

ஜாமீனையே முதலில் எடுத்துக்கொள்வோம். "யாருக்கும் கையெழுத்துப் போடாதே" என்பது டெல்பி. அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) அப்படி ஒரேயடியாகச் சொல்லமாட்டார். 'நிகோமாக்கிய அறவியல்' இரண்டாம் புத்தகத்தில் அவர் காட்டும் உதாரணம் சாப்பாடு. பத்து மினா அதிகம், இரண்டு மினா குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லாருக்கும் ஆறு மினா போடமாட்டார். மல்லன் மைலோவுக்கு ஆறு பற்றாது, நேற்றுச் சேர்ந்த பையனுக்கு ஆறு அதிகம். (ஒரு மினா அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.) நடு என்பது கணக்கில் வரும் நடு அல்ல, ஆளுக்கு ஆள் மாறும்.

அப்படியானால் உங்கள் ஆறு எது? ஜாமீன் கேட்டு யாரும் வராத ஒரு நாளில் இதைக் கணக்குப் போட்டு வைக்கவேண்டும். கடன் வாங்கியவர் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை, முழுத்தொகையும் உங்கள் தலையில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தை விற்காமல், வீட்டு நகையைத் தொடாமல், நடக்கிற தொழிலின் சுழற்சிப் பணத்தை எடுக்காமல் எவ்வளவு கட்ட முடியும்? அந்த எண்தான். இப்படி முழுத்தொகைக்கும் கணக்குப் போடக் காரணம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்கு முழுக்கச் சமம். முதலில் அவரிடம் வசூல் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கேட்கும் தொகை உங்கள் எண்ணுக்குள் இருந்தால், ஆளைப் பார்த்து முடிவெடுக்கலாம். மேலே போனால் கையெழுத்து வேண்டாம். அதற்குப் பதில் கையில் இருப்பதில் ஒரு தொகை கொடுங்கள். "5 லட்சத்துக்கு நிக்க முடியாதுங்க மாப்ள. 50 ஆயிரம் நானே தர்றேன், எப்ப முடியுதோ அப்பத் தாங்க." இது தட்டிக்கழிப்பு அல்ல. தாராள குணம் உள்ளவன் தன் சொத்தைக் கவனிக்காமல் விடமாட்டான், அதை வைத்துத்தான் அடுத்தவருக்கு உதவ நினைக்கிறான் என்று நாலாம் புத்தகம் சொல்கிறது. ஜாமீனில் ஆபத்து எங்கே என்றால், கையெழுத்துப் போடும்போது மடியிலிருந்து காசு எதுவும் போவதில்லை. அதனால் கொடுக்கிறோம் என்ற உணர்வே வருவதில்லை. கையிலிருந்து 50 ஆயிரம் எண்ணிக் கொடுக்கத் தயங்குகிற ஆள், 5 லட்சத்துக்குப் பேனா மூடியைக் கழற்றுவது இதனால்தான்.

எட்டாம் புத்தகத்தில் இன்னொரு இடம். புகாரும் மனக்கசப்பும் பெரும்பாலும் பயனுக்காக ஏற்பட்ட நட்பில்தான் வருகின்றன என்கிறார். அதிலும் ஒரு வகை உண்டு: கொடுக்கும்போது நண்பனுக்குக் கொடுப்பதுபோலக் கொடுப்பது, மனசுக்குள் கடனாக எழுதி வைத்துக்கொண்டு, சமமாகவோ கூடுதலாகவோ திரும்ப எதிர்பார்ப்பது. நம் ஊரில் பேச்சுவார்த்தை நின்றுபோன பாதிக் குடும்பங்களின் கதை இந்த ஒரு வரியில் இருக்கிறது. யாரிடமிருந்து, என்ன நிபந்தனையில் உதவி வாங்குகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும், ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் அப்போதுதான் என்கிறார். ஆகவே கொடுக்கும் அன்றைக்கே ஒரு வார்த்தை: இது கொடை, அல்லது இது கடன், இத்தனை மாதத்தில். உறவுக்குள் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். மூன்று வருஷம் கழித்துப் பஞ்சாயத்தில் பேசுவதைவிடக் கூச்சம் குறைவுதான்.

இனி போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. எனக்குத் தெரிந்தவரை கொங்கு நாட்டு விவசாயி எடுக்கும் முடிவுகளில் அரிஸ்டாட்டிலின் யோசனை முறைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. பாறை இறுகின பூமி, ஆயிரம் அடி போனாலும் ஈரம் மட்டும் காட்டும் இடங்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டி, பக்கத்தில் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும் பங்காளிகள்.

மூன்றாம் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரம் சொல்லும் முறை இது. முடிவான நோக்கத்தை வைத்துக்கொள். எதால் அது நடக்கும் என்று பார். பல வழி இருந்தால் எது சுலபம், எது நல்லது என்று பார். ஒரு வழிதான் என்றால் அந்த வழி எதால் நடக்கும், அது எதால் நடக்கும் என்று பின்னோக்கி நட, உன் கையால் இன்றைக்குச் செய்யக்கூடிய முதல் காரியம் வரும்வரை. வடிவகணித வரைபடத்தைப் பிரித்துப் பார்ப்பது போல, யோசனையில் கடைசியாக வருவது செயலில் முதலாவது. நடுவில் முடியாத ஒன்று வந்து நின்றால் விட்டுவிடு. அதற்கு அவர் தரும் உதாரணமே பணம்தான்: பணம் தேவை, கிடைக்க வழியில்லை என்றால் அங்கேயே நிறுத்து.

முதல் தவறு நோக்கத்தை எழுதுவதிலேயே நடக்கிறது. "போர் போடணும்" என்பது நோக்கம் அல்ல, அது வழி. பொள்ளாச்சிப் பக்கம் 3 ஏக்கர் தென்னை என்று வைத்துக்கொள்வோம். நோக்கம், "இந்த மரங்களை ஆடி வரைக்கும் காயாமல் வைத்திருக்கணும்." இப்படி எழுதிய உடனே கணக்குப் போட முடிகிறது. 25க்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், மொத்தம் 210. மரத்துக்கு நாளைக்கு 60 லிட்டர் என்று வைத்தால் 12,600 லிட்டர். இனி, எதால்?

ஐந்தாறு வழி வரும். இருக்கிற பழைய போரைக் கம்ப்ரஸர் விட்டு ஊதிச் சுத்தம் பண்ணுவது. வாய்க்கால் தண்ணீராக விடுவதைச் சொட்டுநீருக்கு மாற்றுவது. மட்டையும் தேங்காய் மஞ்சியும் போட்டு வட்டப்பாத்திக்கு மூடாக்கு. பக்கத்துத் தோட்டத்தில் முறைத் தண்ணீருக்குப் பேசுவது. டேங்கர் லாரி: 12,000 லிட்டர் வண்டி தினம் ஒரு நடையாவது வேண்டும், ஆகவே ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. கடைசியில் புதுப் போர். போரிலிருந்தே யோசிக்கத் தொடங்கியவர் முதல் மூன்றையும் பார்த்திருக்கவே மாட்டார். அந்த மூன்றும் பொதுவாகப் புதுப் போரைவிடச் செலவு குறைந்தவை; மூன்றையும் சேர்த்துச் செய்தால் புதுப் போருக்கான தேவையே அந்த வருஷம் இல்லாமல் போகலாம்.

எல்லாம் பார்த்தும் புதுப் போர்தான் என்று வந்தால், இன்னும் பின்னோக்கி நடக்கவேண்டும். தண்ணீர் மேலே வர மோட்டார் வேண்டும். ஆழம் கூடினால் அதிக ஹெச்.பி., அதிகக் குழாய், அதிக கேபிள். இங்கேதான் பலருக்குக் கணக்கு இடிக்கிறது. கையில் இருக்கும் பணம் முழுவதையும் துளை போடுவதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள். 850 அடியில் தண்ணீர் வந்தும் மோட்டார் இறக்கக் காசில்லாமல், கேசிங் குழாய்க்கு மூடி போட்டு வைத்திருக்கும் போர்கள் உண்டு. ஆகவே மொத்தப் பணத்திலிருந்து முதலில் மோட்டார், குழாய், கேபிள், கேசிங் எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம்தான் துளைக்கு. அடி ரேட் ஆழம் போகப்போக நூறு நூறு அடியாக ஏறும்; அந்த ரேட்டை முன்கூட்டியே எழுதி வாங்கி, மிச்சப் பணம் எத்தனை அடி தாங்கும் என்று பாருங்கள். 700 என்று வந்தால் 700. அந்த எண்ணை ரிக் வண்டி தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பு ஒரு தாளில் எழுதியாக வேண்டும்.

முன்பே எழுதவேண்டியதன் காரணம் ஏழாம் புத்தகத்தில் இருக்கிறது. தெரிந்தே தப்புச் செய்பவர்களில் இரண்டு வகை. ஒருவர் யோசிக்கவே இல்லை, வேகத்தில் பாய்ந்துவிட்டார். இன்னொருவர் யோசித்தார், முடிவும் பண்ணினார், ஆனால் உணர்ச்சி வந்ததும் முடிவைக் கைவிட்டார். ராத்திரி பதினோரு மணி, கம்ப்ரஸர் இரைச்சல், வெள்ளைப் பொடி பறக்கிறது, 700 அடி தாண்டிவிட்டது. "இன்னும் ஒரு நூறு அடி போட்டுப் பாத்தர்லாமுங்க" என்று ஒரு குரல். அந்த இடத்தில் யாரும் புதிதாக யோசிக்க முடியாது. முதலில் தானே கிச்சுகிச்சு மூட்டியவனுக்கு அடுத்தவன் மூட்டும்போது கூச்சம் வராத மாதிரி, வரப்போவதை முன்கூட்டியே பார்த்து மனசைத் தயார்ப்படுத்தியவனை உணர்ச்சி தோற்கடிக்காது என்கிறார் அரிஸ்டாட்டில். இவ்வளவு கனமான புத்தகத்தில் கிச்சுகிச்சு வருவது எனக்கு எப்போதும் பிடிக்கும். இரண்டாவது வகை ஆள் நீங்கள் என்றால் தாளோடு நிறுத்தாதீர்கள். பணத்தையே வண்டி பக்கத்தில் நிற்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

யாரிடம் யோசனை கேட்பது? பெரிய காரியத்தில் நம் தீர்ப்பின் மீது நம்பிக்கை போதாமல் அடுத்தவரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறது மூன்றாம் புத்தகத்தின் அதே மூன்றாம் அதிகாரம். ஆனால் அடி ரேட்டில் சம்பாதிப்பவரிடம் "இன்னும் போகலாமா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. அரைக் கிலோமீட்டருக்குள் போர் வைத்திருப்பவர்கள் நாலு பேரைப் பாருங்கள். எத்தனையாவது அடியில் தண்ணீர், எந்தக் கோடையில் வற்றியது, இப்போது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற மூன்று கேள்வி போதும். தேங்காய் வைத்துத் தண்ணீர்ப் பாயிண்ட் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் தேங்காய் நிமிர்ந்ததற்காக 700 என்ற எண் 1,000 ஆகக்கூடாது.

இவ்வளவும் செய்து தண்ணீர் வரவில்லை என்றால்? ஸ்டோயிக்குகள் என்ற கிரேக்கத் தத்துவப் பிரிவினர் இதற்கு வில்லாளியைச் சொல்வார்கள். குறி பார்ப்பதும் நாண் இழுப்பதும் அவன் வேலை, அம்பு தைப்பது அவன் கையில் இல்லை. பாறைக்குள் தண்ணீர் இருப்பது யோசனைக்கு உட்பட்ட விஷயமே அல்ல. வறண்ட போரை வைத்து "முட்டாள்தனமான முடிவு" என்றும், நாலு அங்குலம் கொட்டினதை வைத்து "கெட்டிக்காரன்" என்றும் ஊர் பேசும். எண்ணை மீறி ஆயிரம் அடி போய்த் தண்ணீர் பார்த்தவரின் முடிவு மோசமான முடிவுதான். அடுத்த தடவை அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அழிவார்கள்.

தொழில் தொடங்குபவர்களுக்கு அரிஸ்டாட்டிலைவிட எபிக்டீடஸ் உதவுவார். அடிமையாக இருந்து விடுதலை பெற்று, ரோமிலிருந்து துரத்தப்பட்டு, கிரீஸில் உள்ள நிக்கோபொலிஸில் பாடம் நடத்திய ஸ்டோயிக். அவர் எதுவும் எழுதவில்லை. மாணவர் அர்ரியன் எழுதி வைத்தார். 53 சிறு பகுதிகள் கொண்ட கைந்நூலில் 29ஆவது பகுதி ஒலிம்பிக் போட்டி பற்றி. ஜெயிக்க ஆசையா, சரி. முன்னால் வருவது எது, பின்னால் வருவது எது என்று பார். கட்டுப்பாடான சாப்பாடு, பலகாரம் கிடையாது, வெயிலிலும் குளிரிலும் குறித்த நேரத்தில் பயிற்சி, குளிர்ந்த தண்ணீர் கிடையாது, கை பிசகும், கணுக்கால் சுளுக்கும், புழுதி தின்னவேண்டும், இத்தனைக்கும் பிறகு தோற்கவும் செய்யலாம். இதையெல்லாம் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் இறங்கு.

திருப்பூரில் பத்துப் பேரை வைத்து ஜாப் ஒர்க் யூனிட் போட நினைப்பவர் இதே பட்டியலை எழுதலாம். ஓவர்லாக், பிளாட்லாக், பவர் டேபிள் விலை எல்லாரும் எழுதுவார்கள். விட்டுப்போவது சனிக்கிழமை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் போட்டாக வேண்டும். வேலை கொடுத்த கம்பெனி பில்லுக்கு 60 நாள் என்கிறது. ஆளுக்கு வாரம் சராசரி 4,000 என்றால் பத்துப் பேருக்கு 40,000. 60 நாள் என்பது ஒன்பது வாரத்துக்கு ஒட்டி. முதல் பில் பணம் கைக்கு வருவதற்குள் 3,60,000 ரூபாய் சம்பளமாகவே வெளியே போயிருக்கும். வாடகை, கரண்ட், ஊசி நூல் தனி. பதிவு செய்த சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது உங்கள் உரிமை, ஆனால் அதை நம்பி முதலீட்டைக் குறைக்காதீர்கள். மேலும் எழுதுங்கள்: திங்கட்கிழமை பாதி ஆள் வரமாட்டார்கள், துணி லேட்டாக வரும் ஆனால் டெலிவரி தேதி மாறாது, அளவு தப்பினால் ரிஜக்ட் உங்கள் கணக்கில், தீபாவளிக்கு போனஸ். பட்டியல் எழுதி முடித்ததும் ஆசை குறைந்தால் அது நல்ல அறிகுறி. நஷ்டம் தாளோடு போயிற்று. எபிக்டீடஸ் பயப்படுத்தவில்லை. பார்க்காமல் இறங்கியவன் சின்னப் பிள்ளை மாதிரி இன்றைக்கு மல்லன், நாளைக்கு எக்காளம் ஊதுபவன் என்று மாறிக்கொண்டே இருப்பான் என்பதுதான் அவர் கவலை.

கோபத்துக்கு வருவோம். கோபமே கூடாது என்பது ஸ்டோயிக்குகளின் பேச்சு. அரிஸ்டாட்டில் அப்படிச் சொல்லமாட்டார். கோபப்படவேண்டிய இடத்தில் கோபம் வராதவனும் அவருக்கு மட்டமானவன்தான். நாலாம் புத்தகத்தில் கோபக்காரர்களை வகை பிரிக்கிறார். ஒருவருக்குச் சட்டென்று வரும், யாரிடம் என்று பார்க்காது, ஆனால் சட்டென்று அடங்கிவிடும். இன்னொருவருக்கு எதற்கெடுத்தாலும் உச்சத்தில் ஏறும். மூன்றாமவர் கசப்புக்காரர்: உள்ளேயே வைத்திருப்பார். வெளியே தெரியாததால் யாரும் சமாதானம் சொல்ல வரமாட்டார்கள், உள்ளுக்குள் செரிக்க நாளாகும். தனக்கும் நெருங்கியவர்களுக்கும் இவரால்தான் பெரும் தொல்லை. நாலாமவர் தண்டிக்காமல் ஓயமாட்டார்.

வகை பிரிப்பது ஏன் முக்கியம் என்றால், மருந்து வேறு வேறு. முதல் இரண்டு வகைக்கு எபிக்டீடஸின் எண்ணும் முறை வேலை செய்யும். தினமும் கோபப்பட்டேன், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு மூன்று நாளைக்கு ஒரு தடவை என்று எண்ணச் சொல்கிறார். 30 நாள் தொடர்ந்து போய்விட்டால் கடவுளுக்குப் படையல் போடு என்கிறார். கடையில் மாதக் காலண்டர் தொங்குகிறதல்லவா, அதில் ஒரு புள்ளி போதும். எது கோபம் என்று முதலிலேயே வரையறுத்துவிடுங்கள்: குரல் உயர்ந்தது, போனைப் பட்டென்று வைத்தது, வாட்ஸ்அப்பில் சுடு வார்த்தை அனுப்பியது. மனசுக்குள் எரிந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள், சேர்த்தால் ஒரு வாரத்தில் வெறுத்துப்போகும். ஒரு நாள் தவறினால் முழுதும் போயிற்று என்று விடுபவர்கள் அதிகம். அவர் எண்ணச் சொன்னது இடைவெளியை. 12 நாள் இடைவெளி 9 ஆனாலும், பழைய 1க்கு அது எவ்வளவோ தூரம்.

கசப்புக்காரருக்கு இந்தப் புள்ளி கெடுதல். அவர் காலண்டர் எப்போதும் சுத்தமாக இருக்கும். பத்து வருஷமாகப் பங்காளி வீட்டு வாசல் மிதிக்காமல் இருப்பார், ஒரு நாள்கூடக் குரல் உயர்த்தியிருக்கமாட்டார். அவர் செய்யவேண்டியது நேர் எதிர்: விஷயத்தைப் பெயர் சொல்லி, சம்பந்தப்பட்டவரிடம், ஒரு வாரத்துக்குள் வாயைத் திறந்து சொல்வது. எப்படித் தொடங்குவது என்பதற்குக் கைந்நூலின் 43ஆவது பகுதி. எந்தப் பொருளுக்கும் இரண்டு கைப்பிடி, ஒன்றால் தூக்கலாம், மற்றதால் தூக்க முடியாது. அண்ணன் அநியாயம் பண்ணினால் அநியாயம் என்ற பிடியில் தூக்காதே. கூடப்பிறந்தவன், கூடவே வளர்ந்தவன் என்ற பிடியில் தூக்கு.

பொதுக் கிணற்றில் அண்ணன் முறை தாண்டி மோட்டார் ஓட்டுகிறார் என்று வையுங்கள். "உங்க மோட்டாரு ராத்திரி பூரா ஓடுது" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. "அண்ணா, அப்பா வெட்டுன கெணறுங்க. நாம ரெண்டு பேரும் உக்காந்து ஒரு முறை பேசிக்கலாமுங்களா?" என்றால் உட்கார இடம் கிடைக்கிறது. உட்கார்ந்த பிறகு பிடி பற்றி யோசிக்கவேண்டாம், மணிக்கணக்குதான்: யாருக்கு எந்த நாள், எத்தனை மணி, கரண்ட் இல்லாத நேரத்தை எப்படி ஈடு கட்டுவது, தூர் வாரும் செலவு யாருக்கு எவ்வளவு. எழுதி ஆளுக்கொரு பிரதி. இரண்டாவது பிடியை விட்டுக்கொடுப்பது என்று தப்பாகப் புரிந்துகொண்டு பங்கையே இழந்தவர்கள் உண்டு. எபிக்டீடஸ் உரிமையை விடச் சொல்லவில்லை, தூக்க முடிகிற பக்கம் பிடிக்கச் சொன்னார்.

"நாலு பேர் என்ன பேசுவாங்க" என்பதற்குச் சாக்ரட்டீஸின் பதில் பிளேட்டோவின் 'கிரிட்டோ'வில் இருக்கிறது. கி.மு. 399, சிறை, தண்டனைக்கு முந்தைய நாட்கள். தப்பித்துப் போகாவிட்டால் ஊர் எங்களைப் பழிக்கும் என்கிறார் நண்பர் கிரிட்டோ. உடற்பயிற்சி செய்பவன் எல்லாருடைய பாராட்டையும் பழிப்பையும் கேட்பானா, அல்லது பயிற்சியாளர், வைத்தியர் என்ற ஒருவரைக் கேட்பானா என்று திருப்பிக் கேட்கிறார் சாக்ரட்டீஸ். கல்யாண மண்டபத்துக்குக் கடன் வாங்கும்போது இதை அப்படியே போடலாம். நாலு பேரின் பெயரையும் எழுதுங்கள். அவர்களில் உங்கள் வரவுசெலவு தெரிந்தவர் எத்தனை பேர், கடன் தவணையில் பங்கு கட்டப்போகிறவர் எத்தனை பேர்? மிச்சமிருப்பவர் பேச்சைக் கேட்கலாம், அதன்படி மண்டபம் பார்க்கக் கூடாது.

பெருஞ்செலவு செய்வதே தப்பு என்று அரிஸ்டாட்டில் சொல்லவில்லை. சமயத்துக்குத் தகுந்த பெருஞ்செலவு அவருக்கு ஒரு நற்குணம். அவர் கிண்டல் பண்ணுவது, சங்கத்து ஆட்களுக்குப் போடும் சாப்பாட்டைக் கல்யாண விருந்து அளவுக்குப் போடுபவனையும், நகைச்சுவை நாடகத்துப் பாட்டுக் குழுவுக்கு மெகாரா ஊர்க்காரர்கள் மாதிரி ஊதா உடை உடுத்தி மேடையேற்றுபவனையும். காதுகுத்துக்கு டிரோன் கேமரா வைப்பவரைப் பார்த்தால் என்ன எழுதியிருப்பாரோ. அழைப்பு வராததற்காக வருந்துபவர்களுக்கு எபிக்டீடஸிடம் கீரைக் கணக்கு: ஒரு ஒபல் (அந்தக் காலத்துக் கிரேக்கச் சில்லறைக் காசு) கொடுத்தவன் கீரை வாங்கிப் போகிறான். நீ கொடுக்கவில்லை, கீரையும் இல்லை, ஆனால் ஒபல் உன்னிடம் இருக்கிறது. விருந்துக்கு விலை முகஸ்துதியும் காத்துக்கிடப்பதும். கெடா வெட்டுக்குக் கூப்பிடவில்லையா, அந்த வீட்டு வாசலில் நீங்கள் நிற்காத நாட்களின் விலை உங்கள் பையில்தான்.

இதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு இரண்டாம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வழி இருக்கிறது. நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று பார்த்து, எதிர்ப்பக்கம் இழுக்கச் சொல்கிறார், கோணிய மரத்தை நிமிர்த்துபவர்கள் செய்வது போல. சாய்வு தெரிய மூன்று மாத பேங்க் பாஸ்புக்கும் கூகுள் பே கணக்கும் போதும். கொங்கு நாட்டில் கை இறுக்கம் ஒரு பெருமை. அரிஸ்டாட்டிலின் பள்ளியை அவருக்குப் பின் நடத்திய தியோஃபிராஸ்டஸ் 30 குணச்சித்திரங்கள் எழுதினார். அதில் கஞ்சன், மனைவி தவறவிட்ட செப்புக்காசுக்காகக் கட்டிலையும் பெட்டியையும் நகர்த்தித் தேடுகிறான். அந்தப் பக்கம் சாய்பவருக்கு "அளவாகச் செலவு செய்" என்ற புத்திமதி கெடுதல். மாதத்தில் ஒரு தடவை, தேவைக்கு மேலே ஒரு தொகையை, கணக்கில் எழுதாமல் கொடுத்துப் பழகவேண்டும். கை ஓட்டையாக இருப்பவருக்கு இன்னொரு கிரேக்கத் தத்துவஞானியான எபிக்யூரஸின் கேள்வி: இந்த ஆசை நிறைவேறினால் எனக்கு என்ன ஆகும், நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்? புது போன் வாங்கும் முன் இரண்டாம் பாதிக்குப் பதில் எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் எழுத ஒன்றும் இருக்காது.

கிரேக்கர்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாத இடமும் உண்டு. அடிமைத்தனம் இயல்பானது என்று வாதிட்டவர் அரிஸ்டாட்டில். பெண்ணுக்கு யோசிக்கும் திறன் உண்டு, ஆனால் அதற்கு அதிகாரம் இல்லை என்று 'அரசியல்' நூலில் எழுதினார். நம் ஊரில் அதை யாரும் படித்ததில்லை, ஆனாலும் பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது: தண்ணீர் எத்தனை குடம் வருகிறது, நகை எத்தனை தடவை பேங்குக்குப் போய் வந்தது, எந்தக் கடை பாக்கி நிற்கிறது என்று தெரிந்தவர் அம்மிணி, போரும் ஜாமீனும் முடிவாவது திண்ணையில். யோசனை முறை அரிஸ்டாட்டிலுடையதாக இருக்கட்டும், யார் உட்காரவேண்டும் என்பதில் எபிக்யூரஸ் பாடம் நடத்திய தோட்டத்தைப் பின்பற்றலாம். அங்கே பெண்களும் அடிமைகளும் உட்கார்ந்து விவாதித்தார்கள்.

படிக்க நினைப்பவர்கள் நிகோமாக்கிய அறவியலை முதல் புத்தகத்திலிருந்து தொடங்கவேண்டாம். நன்மை என்றால் என்ன என்ற விவாதத்திலேயே பலர் மூடி வைத்துவிடுவார்கள். இரண்டாவது, பிறகு மூன்றாவதில் முதல் ஐந்து அதிகாரம், நாலாவது முழுவதும், எட்டாவது, மற்றது அப்புறம். எபிக்டீடஸின் கைந்நூல் நாளைக்கு ஒரு பகுதி என்றால் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். 29ஆவது பகுதிக்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். அன்றைக்குப் பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.